ஊர்த் தியேட்டரில் படம் ஓட்ட, பழைய ஹாலிவுட் மேனேஜரிடம் கொஞ்சம் கடன் வாங்கலாம்

சின்னப் படம் ஒன்றை எடுத்து முடித்து, எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் ஒரு தியேட்டரில் ஒரு வாரம் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் போட்டாச்சு, இன்ஸ்டாவில் ரீல்ஸ் போட்டாச்சு, நண்பர்கள் எல்லாரும் நெருப்புப் படம் போட்டு வாழ்த்தியாச்சு. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குப் பதினோரு பேர், அதில் நாலு பேர் உங்கள் ஆட்கள். இது கற்பனை இல்லை. சில வருஷத்துக்கு முன்னால் நண்பர் படத்துக்கு விளம்பர வேலை பார்க்கிறேன் என்று கிளம்பிப்போன எனக்கு நடந்தது. அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

அதற்கப்புறம்தான் 1930, 40-களில் அமெரிக்காவின் சின்ன ஊர்களில் தியேட்டர் மேனேஜர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஹாலிவுட் என்றதும் நமக்கு நட்சத்திரங்கள்தான் ஞாபகம் வரும். ஆனால் ஊருக்கு ஊர் டிக்கெட் விற்றது அந்த ஊர் மேனேஜர்தான். ஒவ்வொரு படத்துக்கும் ஸ்டுடியோவிலிருந்து அவருக்குப் பிரஸ்புக் என்று ஒரு பெரிய சைஸ் புத்தகம் வரும். பத்திரிகையில் அப்படியே போடத் தோதாக எழுதிய செய்திகள், விளம்பர டிசைன்கள், எந்த சைஸ் போஸ்டர் என்ன விலை என்ற பட்டியல், கூட்டம் சேர்க்கச் செய்யவேண்டிய கூத்துகள் எல்லாம் அதில் இருக்கும். கெட்டிக்கார மேனேஜர் அத்தனையையும் செய்யமாட்டார். தன் ஊருக்குப் பொருந்துகிற இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு, மீதியை மூடி வைத்துவிடுவார். நாமும் அதைத்தான் செய்யப்போகிறோம்.

முதல் வேலை, தேதி. இதில் உங்கள் கை ஓங்காது, தியேட்டர்காரர் கொடுத்ததுதான். ஆனாலும் கேட்டுப் பாருங்கள். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவை நடவு, யாருக்கும் தலைக்கு மேல் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, ஒட்டிய போஸ்டர் மறுநாள் வாய்க்காலில் மிதக்கும். தை, மாசியில் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியிருக்கும், மழையும் இருக்காது. கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் என்றால் மாசிமகக் கூட்டம் எந்தத் தெரு வழியாகத் திரும்பும் என்று பார்த்துவிட்டுப் போஸ்டர் ஒட்டுங்கள், திருவாரூர் என்றால் பங்குனியில் ஆழித்தேர் ஓடுகிற அன்றைக்கு ரிலீஸ் வைக்காதீர்கள், உங்கள் ஹீரோவே தேர் பார்க்கப் போயிருப்பார்.

அடுத்து போஸ்டர். அவர்கள் ஊரில் இதற்குக் கச்சிதமான அளவு இருந்தது: தியேட்டர் வாசலுக்கு 27-க்கு 41 அங்குலம், கடைக் கண்ணாடியில் வைக்க 14-க்கு 22 அங்குலத்தில் கெட்டி அட்டை. எனக்குப் பிடித்தது அந்தக் கடை அட்டைதான். முடிவெட்டும் கடை, மளிகைக் கடை என்று வைக்கச் சொல்லி, கடைக்காரருக்கு இரண்டு ஃப்ரீ பாஸ் கொடுத்துவிடுவார்கள். நம் பக்கம் சுவர் பிடிக்கிற சண்டையில் நீங்கள் ஜெயிக்க முடியாது. விடியற்காலை நாலு மணிக்கு நீங்கள் ஒட்டினால் ஆறு மணிக்கு அதன்மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏறியிருக்கும், செத்தவர் மேல் கோபப்படவும் முடியாது. அதனால் டீக்கடை, சலூன், உரக்கடை, ரைஸ் மில், செல்போன் ரீசார்ஜ் கடை என்று முப்பது கடை தேர்ந்தெடுத்து அட்டை வையுங்கள். உரக்கடையைச் சும்மா சொல்லவில்லை. அங்கே ஒருத்தர் மூட்டைக்காகக் கால் மணி நேரமாவது உட்கார்ந்திருப்பார், எதிரே இருக்கிறதைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

சுவரில் ஒட்டத்தான் வேண்டும் என்றால் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள், கூழ் மாதிரி கண்ணாடியாக வரும்போது இறக்கிவிடலாம். மாடு தின்னாமல் இருக்கச் சிலர் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், நான் கலக்கவிடமாட்டேன். மாட்டுக்கு எட்டாத உயரத்தில் ஒட்டினால் போதும், ஏணி வாடகை ஒன்றும் பெரிசில்லை.

நோட்டீஸ்தான் இந்தக் கதையில் முக்கியமான இடம். எங்கள் தாத்தா காலத்தில் மாட்டுவண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, முன்னால் கொட்டு அடித்து, நோட்டீஸை அள்ளி வீசிக்கொண்டே போவார்களாம், பின்னாடியே பையன்கள் ஓடுவார்களாம். ரோஸ், பச்சை, மஞ்சள் தாள். அதே நோட்டீஸை இன்றைக்கும் அடியுங்கள், பேப்பர் போடுகிற ஏஜென்ட்டிடம் கொடுத்து நாளிதழுக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் அதில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது விஷயம். நாங்கள் அடித்த முதல் நோட்டீஸில் இயக்குநர் பெயர், ஒளிப்பதிவு, எந்தெந்த விழாவில் பாராட்டு வாங்கியது என்று நிறைய இருந்தது. ஒரு டீக்கடையில் கொடுத்தபோது, கிளாஸைக் கழுவிக்கொண்டே ஒரு அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, நைட் ஷோ எத்தனை மணிக்கு விடும்? கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா முடியாதா, அதைப் போடலியே?"

அவ்வளவுதான். அதற்கு அடுத்த நோட்டீஸில் பாராட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காட்சியும் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும், எத்தனை மணிக்கு விடும், அதற்கப்புறம் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு டவுன் பஸ் என்று அடித்தோம். மாலைக் காட்சிக்குக் குடும்பமாக ஆட்கள் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கடைசி பஸ்ஸை நோட்டீஸில் போடச் சொல்லி எந்தப் பிரஸ்புக்கிலும் இருந்திருக்காது. அது உங்கள் ஊர் ஆளுக்குத்தான் தெரியும்.

ஆட்டோவில் மைக் கட்டுவதாக இருந்தால் முதலில் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை எப்படியும் போடக்கூடாது. சந்தை நாளில் சந்தைக்குள்ளே போகாதீர்கள், அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்காது. சந்தை முடிந்து ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இடம்தான் சரி.

இனி, கூத்து. இதில் அமெரிக்காக்காரர்களை அடிக்க ஆளில்லை. பொருளாதார மந்தம் வந்த 1930-களில், வாரத்தில் ஒரு ராத்திரி டிக்கெட் வாங்கும் பெண்களுக்கு ஒரு பீங்கான் தட்டு கொடுத்தார்கள். இந்த வாரம் தட்டு, அடுத்த வாரம் கோப்பை, அதற்கடுத்து சாஸர். முழு செட் சேரவேண்டும் என்றால் படம் எதுவாக இருந்தாலும் வரவேண்டும். இருட்டில் மடியிலிருந்து நழுவித் தட்டு உடைகிற சத்தம் படம் நெடுக கேட்டுக்கொண்டே இருக்குமாம். நம் ஊருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும், பீங்கானுக்குப் பதில் எவர்சில்வர் கிண்ணம் போதும், உடையாது, சோகக் காட்சியில் 'ணங்' என்று உருண்டால் மட்டும் பொறுத்துக்கொள்ளவேண்டும். பாத்திரக் கடைக்காரரிடம் பேசி அவர் கடைப் பெயரைக் கிண்ணத்தில் வெட்டிக் கொடுத்தால் பாதிச் செலவை அவரே ஏற்றுக்கொள்வார்.

அதே காலத்தில் பேங்க் நைட் என்று ஒரு பணக் குலுக்கலும் அங்கே சக்கைபோடு போட்டது. அதை மட்டும் தொடாதீர்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. டிக்கெட் நம்பரைக் குலுக்கிப் பணம் கொடுக்கப்போய் ஸ்டேஷனில் உட்கார வேண்டாம்.

பேய்ப் படமா? 1958-ல் வில்லியம் காசில் என்ற தயாரிப்பாளர், 'மக்காப்ர்' படம் பார்க்கும்போது பயத்தில் யாராவது செத்தால் ஆயிரம் டாலர் என்று ஆளுக்கு ஆள் இன்ஷூரன்ஸ் கொடுத்தார், அதுவும் லண்டன் லாயிட்ஸில் எடுத்தது. படம் பெரிதாக ஒன்றுமில்லை, அந்தச் சீட்டுதான் ஓட்டியது. 1960-ல் ஹிட்ச்காக் 'சைக்கோ'வுக்கு, படம் ஆரம்பித்தபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்குக் கட்டளையே போட்டார். இதை இங்கே முயற்சி செய்வதற்கு முன்னால் யோசியுங்கள். நம் ஆட்கள் பாதிப்பேர் டைட்டில் முடிந்துதான் வருவார்கள், கதவைச் சாத்தினால் அந்தப் பாதிக் கலெக்ஷன் வெளியே நிற்கும்.

இதெல்லாம் வெறும் வெள்ளைக்காரன் வித்தை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 1948-ல் 'சந்திரலேகா'வை இந்தியிலும் எடுத்து அறுநூறுக்கும் மேல் பிரிண்ட் போட்டு நாடு முழுக்க விளம்பரத்தால் அதிரவைத்த எஸ்.எஸ்.வாசன் பிறந்தது நம் திருத்துறைப்பூண்டியில். சினிமாவுக்கு முன்னால் அவர் பார்த்ததே விளம்பரத் தொழில்தான்.

கடைசியாக, "வெற்றிகரமான 2-வது நாள்" என்று சனிக்கிழமை போஸ்டர் ஒட்டும் ஆசை வரும். வேண்டாம், ஊரே சிரிக்கும். ஞாயிறு மாலைக் காட்சி இடைவேளையில் மேனேஜரிடம் போய் உட்கார்ந்து, மூன்று நாள் கணக்கைப் பார்த்து, இரண்டாவது வாரம் உண்டா இல்லையா என்று வாயால் ஒரு உறுதி வாங்கிவிட்டு, அப்புறம் போஸ்டர் அடிக்கிற பிரஸ்ஸுக்கு போன் போடுங்கள்.