ஆரஞ்சின் பெயர்க்கதையில் சறுக்கும் இடங்கள்

ஆரஞ்சுக்குப் பெயர் வந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரு 'ந'வில்தான். ஆங்கிலத்தில் முதலில் 'எ நாரஞ்ச்' என்று இருந்ததாம். பேச்சுவாக்கில் 'ந' முன்சொல்லோடு ஒட்டி 'ஆன் ஆரஞ்ச்' ஆகிவிட்டதாம். அப்படி மாறிய சொல் உண்டு: இன்றைய 'ஏப்ரன்' ஒருகாலத்தில் 'நேப்ரன்'. ஆனால் ஆரஞ்சு ஆங்கிலத்துக்குள் நுழையும்போதே அதன் 'ந' உதிர்ந்திருந்தது. சமஸ்கிருத 'நாரங்க' பாரசீகத்தில் 'நாரங்', அரபியில் 'நாரஞ்ச்'. அரபியிலிருந்து வாங்கிய ஸ்பானியம் இன்றும் 'நரான்ஹா' என்று 'ந'வைக் காப்பாற்றி வருகிறது. அதைத் தொலைத்தவை இத்தாலியமும் பிரெஞ்சும். பழி மட்டும் ஆங்கிலத்தின் தலையில்!

சரி, சமஸ்கிருதத்தோடு கதையை முடித்துவிடலாமா? கூடாது. அந்தச் சொல்லே திராவிட மொழி ஒன்றிலிருந்து போயிருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. நம் நாரத்தையையும் மலையாள நாரங்ஙாவையும் அருகில் வைத்துப் பார்த்தால் உறவு புலப்படும். உடனே 'ஆரஞ்சு தூய தமிழ்ச்சொல்' என்று மார்தட்டுவது அடுத்த சறுக்கல். திராவிடம் என்றாலே தமிழ் என்று பொருளில்லை. ஒரு சொல்லை நமக்கு வசதியாக இரண்டாகப் பிரிக்க முடிகிறது என்பதும் சான்றாகாது. அப்படிப் பிரித்தால் உலகின் பாதிச் சொற்களை நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

பழைய நூல்களில் 'நாரஞ்ச்' என்று கண்டதும் இன்றைய இனிப்புப் பழத்தை நினைத்துக்கொள்வதும் பிழை. அது கசப்பு ஆரஞ்சு. இனிப்பு வகை ஐரோப்பாவில் பரவியதில் போர்த்துக்கீசிய வணிகர்களுக்குப் பெரும் பங்குண்டு. அதனால்தான் இனிப்புப் பழம் அரபியில் 'புர்துகால்', துருக்கியில் 'போர்தகால்', கிரேக்கத்தில் 'போர்தொகாலி'. ஒரு நாட்டின் பெயரே பழத்தின் பெயராகிவிட்டது. டச்சுக்காரர்களுக்கோ அது 'சீன ஆப்பிள்'.

நிறத்தின் பெயர் பழத்துக்கு வந்ததா என்றால், இல்லை, பழம்தான் முந்தியது. ஆங்கிலத்தில் நிறப்பெயராக அது நிலைத்தது 16ஆம் நூற்றாண்டில். பழைய ஆங்கிலத்தில் அந்த நிறம் 'மஞ்சள்சிவப்பு'. ராபின் குருவியின் ஆரஞ்சு மார்பைச் 'செம்மார்பு' என்றே அழைத்துப் பழகிவிட்டார்கள்.

நெதர்லாந்தின் ஆரஞ்சு அரச குடும்பத்தையும் பழத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். 1544இல் வில்லியம் என்ற இளவரசருக்கு உரிமையாக வந்த சிற்றரசின் பெயர் அது. தென் பிரான்சிலுள்ள அந்த ஊர் ரோமானியர் காலத்தில் 'அரௌசியோ'. பழங்கால ஐரோப்பிய மக்களான கெல்டியரின் நீர்த்தெய்வம் ஒன்றின் பெயர். ஒலி ஒன்றுபோல் ஆன பிறகுதான் அக்குடும்பம் பழத்தின் நிறத்தைத் தனதாக்கிக்கொண்டது.