1 டெராபைட் வாங்கினால் 931 ஜிபி காட்டுவது ஏன்?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், விண்டோஸில் 931 ஜிபி என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளருக்கு ஒரு ஜிபி 1,000,000,000 பைட். விண்டோஸோ 1024ஐ மூன்று முறை பெருக்கி 1,073,741,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. மேக் கணினியில் இந்த வித்தியாசம் தெரியாது.

விண்டோஸ் எவ்வளவு காட்டும் என்று அறிய, பெட்டியிலுள்ள ஜிபியை 0.931ஆல் பெருக்குங்கள். 64 ஜிபி பென் டிரைவ் என்றால் 59.6 அளவில் வரவேண்டும். பாதிதான் தெரிகிறதா? விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் ஒதுக்கப்படாத இடம் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ரசீதோடு கடைக்குப் போங்கள்.

இணைய வேகத்திலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. அது பிட் கணக்கு; 8 பிட் ஒரு பைட் என்பதால் அதை 8ஆல் வகுக்க வேண்டும். 40 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 40 மெகாபிட்) இணைப்பில் விநாடிக்கு 5 எம்பி (மெகாபைட்), 4.5 ஜிபி கோப்பு இறங்கக் குறைந்தது 15 நிமிடம் பிடிக்கும்.