ஏஎச்ஐ 10 தானே என்று விட்டிருந்தால்

தூக்கப் பரிசோதனை அறிக்கையில் ஏஎச்ஐ 10, அதாவது மணித்தியாலத்துக்குப் பத்துத் தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. 15க்குக் கீழே என்றால் இந்தத் தூக்க மூச்சுத்தடை நோய் லேசானதாம். பிறகேன் திருகோணமலையிலிருந்து கிண்ணியா போவதற்குள் பஸ்ஸில் தூங்கி விழுகிறேன்? மூன்று நாள் ஒட்சிசன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மெஷின் பிழையோ என்றும் யோசித்தேன். கடைசிப் பக்கத்தில், படுத்த நிலைக்கென்று ஒரு சின்ன அட்டவணை: மல்லாந்து படுத்த 1 மணித்தியாலத்தில் 40 தடவை, ஒருக்களித்த 5 மணித்தியாலத்தில் மொத்தமே 20. அறுபதை ஆறால் பிரித்தால் 10, அவ்வளவுதான் கணக்கு! வயர் இழுபடுமென்று அன்று ஒருக்களித்தே கிடந்தேன். வீட்டிலோ விடியும்வரை மல்லாந்துதான், மனிசி சாட்சி. அந்த 40ஐ வட்டமிட்டு டொக்டரிடம் காட்டினேன். 30க்கு மேல் கடுமை என்று சொல்லி சீபாப், அதாவது தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் மெஷின், எழுதித் தந்தார். அது வரும்வரை, மல்லாந்து திரும்பாமலிருக்க, பெனியன் முதுகில் ரெனிஸ் பந்து தைத்துப் படுக்கிறேன்.