அடிக்கடி ஓடி நிற்கும் பிரஷர் பம்ப்

எந்தக் குழாயும் திறந்திராத நள்ளிரவிலும் பிரஷர் பம்ப் சில நிமிடங்களுக்கொருமுறை ஓடி நின்றால், எங்கோ நீர் கசிகிறது என்று பொருள். பம்பை நிறுத்தி, வீட்டுக்குச் செல்லும் வால்வை மூடிவிட்டு, பம்பின் பக்கமுள்ள பிரஷர் மீட்டரைக் கவனியுங்கள். முள் இறங்கினால், நீர் பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் மணல் சிக்கியிருக்கும். இறங்காவிட்டால் கசிவு வீட்டுக்குள்தான். ஃபிளஷ் டேங்கில் சொட்டு நீலம் கலந்து, அரை மணி நேரம் கழித்துக் கோப்பையில் நீலம் தெரிந்தால் வாஷரை மாற்றுங்கள்.

குழாய் திறந்திருக்கும்போதே பம்ப் விட்டு விட்டு ஓடினால், பம்போடு இணைந்த பிரஷர் டேங்கில் (உள்ளே ரப்பர் பையும் காற்றும் உள்ள சிறு தொட்டி) காற்று குறைந்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, நீர் முழுவதையும் வடித்த பின்னரே காற்றை அளக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். பம்ப் 20 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) நிலையில் ஓடத் தொடங்குமானால் காற்று 18 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். பைக் டயருக்குக் காற்றடிக்கும் பம்பே இதற்குப் போதும். காற்று வால்வின் ஊசியை அழுத்தும்போது நீர் பீய்ச்சினால் உள்ளேயுள்ள ரப்பர் பை கிழிந்துவிட்டது. அதன்பின், அழுத்தத்தைப் பார்த்து பம்பை ஓட்டி நிறுத்தும் பிரஷர் சுவிட்சை எவ்வளவு திருகினாலும் பயனில்லை.