மூன்று கேள்விக்கு நம்முடைய பதிலை எழுதுவது எப்படி

போன மாதம் அக்கா மகள் ஒரு ஸ்லாம் புக்கைக் கொண்டுவந்து நீட்டினாள். காலேஜ் கடைசி வருஷம், தெரிந்தவர்கள் எல்லாரிடமும் எழுதி வாங்குகிறாளாம். மூன்று கேள்வி. எங்கே போக வேண்டும் என்று கனவு? வேலை பார்க்கும் இடத்தில் என்ன சத்தம் கேட்கும்? பிடித்த விளையாட்டு எது? அடுப்பில் மீன்கறி கொதித்துக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்து, ஃபேன் சத்தம், கேரம் என்று ஒரு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் வாசித்துவிட்டு, "சித்தி, எங்க கிளாஸ்ல பாதிப் பேரும் இதையேதான் எழுதியிருக்காங்க" என்றாள்.

நியாயம்தான். சுவிட்சர்லாந்தில் எனக்கு ஒரு ஈ காக்காயைத் தெரியாது, கேரம் போர்டு எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. அந்தப் பக்கத்தின் மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி மறுபடி எழுத உட்கார்ந்தேன், இரண்டு வாரம் ஆகிவிட்டது. நீங்களும் எழுதிப் பார்க்க நினைத்தால் உதவும் என்றுதான் எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன்.

கேள்வி வரிசைப்படி போகாதீர்கள். கனவில் தொடங்கினால் வாய்க்கு வந்ததை எழுதத்தான் தோன்றும், கேட்கிறவர்களும் ஆமாம் ஆமாம் என்பார்கள். சத்தத்தில் தொடங்குங்கள். அதில் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல வராது.

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு: அண்டி என்பது முந்திரிக்கொட்டை, அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிப் பருப்பு எடுக்கும் தொழிற்சாலை, ஆபீஸ் என்று பேரே தவிர மேசை நாற்காலி இருப்பது என் அறையில் மட்டும். பதினோரு வருஷமாக அங்கே இருக்கிறேன், என்ன சத்தம் கேட்கும் என்று கேட்டால் ஃபேன் என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். தினமும் கேட்கிற சத்தத்தைக் காது கேட்பதை எப்போதோ நிறுத்திவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கவனித்தேன், ஒன்றும் நடக்கவில்லை, தூக்கம்தான் வந்தது.

கரண்ட் போனதுதான் கைகொடுத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போயிற்று, ஜெனரேட்டர் போட ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் நின்றுபோன சத்தம், வலப்பக்கம் நிற்காத சத்தம் என்று எழுதினேன். இடப்பக்கம் ஃபேன், பேக்கிங் மெஷினின் இரைச்சல், பாய்லர் பக்கத்து ஊதல். வலப்பக்கம் நிறைந்துவிட்டது. தல்லு, அதாவது அண்டி உடைப்பது, நடக்கும் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அண்டியைத் தட்டுகிற சத்தம், கிரேடிங்கில் தகரத் தட்டில் பருப்பு விழுகிற சத்தம், யாரோ சேலைத் தலைப்பால் விசிறுகிறது, வாசலில் லோடு இறக்கும் பையன்கள் இந்தியில் பேசிக்கொள்வது. உங்கள் வேலையிடத்தில் கரண்ட் போகாது என்றால் மதியச் சாப்பாட்டு நேரம், இல்லையென்றால் ஷிப்ட் மாறும் நேரம், ஏதாவது ஒன்று நிற்கிற நேரத்தைப் பிடியுங்கள்.

அடுத்தது, சத்தத்தைப் பெயரடை போட்டு எழுதாதீர்கள். இனிமையான சத்தம், எரிச்சலான சத்தம் என்றால் யாருக்கும் காதில் ஒன்றும் விழாது. இரட்டைக்கிளவியும் கொஞ்சம் ஆபத்துதான். சலசல, கடகட எல்லாம் தயாராகக் கையில் நிற்கும், எடுத்து ஒட்டிவிடுவோம். முதலில் அந்தச் சத்தத்தை வாயால் செய்து பாருங்கள், அப்புறம் எழுத்து தேடுங்கள். நான் கொட்டகை வாசலில் நின்று வாயைக் கோணிக்கொண்டிருந்தபோது தல்லுகிற அக்கா ஒருத்தி, "என்ன பிள்ளே, பல்லு வலியா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவளே கற்றுத்தந்தாள். நல்ல அண்டி 'டக்' என்று ஒரே அடியில் பிளக்கும், சொத்தை 'பொத்' என்று அமுங்கும், அடிக்கும்போதே தெரிந்துவிடும், கையில் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இத்தனை வருஷம் சொத்தைக் கணக்கை நான் எடையில்தான் எழுதிவந்திருக்கிறேன்.

கிரேடிங்கிலும் அப்படித்தான். டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் பிரிப்பார்கள். ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண், எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூட. 180 தகரத்தில் விழுவது சரளைக்கல் மாதிரி, 320 விழுவது ஓட்டுக்கூரையில் மழை தொடங்குகிற மாதிரி. 25 பவுண்டு டின், அதாவது 11.34 கிலோ, நிறைய நிறையச் சத்தம் மங்கிக்கொண்டே வந்து கடைசியில் துணி மேல் விழுவது போல ஆகிவிடும். இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இன்னொரு உபாயம், போனில் ஒரு நிமிஷம் ரிக்கார்ட் பண்ணி ராத்திரி வீட்டில் வைத்துக் கேளுங்கள். காது விட்டதையெல்லாம் போன் விடாமல் பிடித்து வைத்திருக்கும். என் ரிக்கார்டில் சூப்பர்வைசரின் செருப்பு இழுபடுவது கேட்டது. அந்தச் செருப்பு தூரத்தில் கேட்டதும் கொட்டகைப் பேச்சு ஒரு இழை குறைவதும் கேட்டது.

இப்போது கேட்காத சத்தத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். எங்கள் அம்மை இதே தொழிலில் தல்லுக்குப் போனவள். அண்டித் தோட்டில் ஒரு எண்ணெய் உண்டு, பட்டால் தோல் கறுத்து உரியும், அதற்காகச் சாம்பல் பூசிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். சாயங்காலம் வந்ததும் புறவாசலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தேங்காய்ச் சவுரியால் தேய்ப்பாள். சரக் சரக் என்று தேய்க்கும்போது வளையல் மேலும் கீழும் ஓடும். பின்னால் ஒரு இடத்தில் கைரேகை வைக்கச் சொன்னபோது மெஷின் அவள் விரலை எடுக்கவே இல்லை, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். இதை ஸ்லாம் புக்கில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

சத்தம் முடிந்ததும் விளையாட்டுக்குப் போங்கள். விளையாட்டைப் பற்றி எழுதாமல் அதன் சட்டத்தை எழுதுங்கள். பிடிக்கும், ஜாலியாக இருக்கும், பழைய ஞாபகம் என்று எதுவும் வேண்டாம். ஆடவே தெரியாத ஒரு பிள்ளை உங்கள் பக்கத்தைப் படித்து ஆட வேண்டும், அவ்வளவுதான் குறி. எழுத ஆரம்பித்தால்தான் எவ்வளவு மறந்துவிட்டோம் என்று தெரியும். நான் முதலில் பல்லாங்குழியை எழுதினேன். ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து முத்து, ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்குரியவர் எடுத்துக்கொள்ளலாம். பெரியம்மையிடம் சரிபார்க்கப் போனால் ஆறு முத்து போடுவோம் என்கிறாள், ஆட்டமே வேறாகிவிட்டது. அவள் பக்கம் அவளுடைய ஆட்டம் என்று விட்டுவிட்டேன்.

என்னுடையது அண்டி ஆட்டம். கொல்லாமரம், அதாவது முந்திரி மரம், காய்ப்பதும் பள்ளிக்கூட லீவும் ஒன்றாக வரும், ஏப்ரல் மே. பழத்தைக் கடித்துச் சாறு சட்டையில் பட்டுக் கறையாகி அடி வாங்குவது தனிக்கதை. சட்டம் இது: மணலில் ஒரு கோடு. ஆளுக்கு இரண்டு அண்டி, கோட்டில் வரிசையாகக் குத்தி நிறுத்த வேண்டும். பத்து காலடி தள்ளி இன்னொரு கோடு, எறிவது அங்கேயிருந்து. எறிவதற்கென்று ஆளுக்கு ஒரு பெரிய அண்டி, எங்கள் தெருவில் அதற்குத் தள்ளை என்று பேர். யார் முதலில் என்பதற்கு எல்லாரும் தள்ளையைக் கோட்டை நோக்கி எறிவோம், கோட்டுக்கு யாருடையது பக்கமோ அவர் முதலில். அடித்து எந்த அண்டி கோட்டை விட்டு வெளியே தெறிக்கிறதோ அது உங்களுக்கு. தள்ளையை மட்டும் யாரும் பந்தயத்தில் வைக்க மாட்டோம். என் தம்பியிடம் இருந்தது வழுவழுவென்று கறுத்து, டவுசர் பாக்கெட்டிலேயே மூன்று சீசன் கிடந்தது. ஜெயித்ததைக் கடையில் எண்ணிப் போட்டால் மிட்டாய் கிடைக்கும். இல்லையென்றால் தகரத்தில் போட்டுச் சுடுவோம், தோட்டு எண்ணெய் குபுக்கென்று தீப்பிடிக்கும், மணலை அள்ளிப் போட்டு அணைத்து, கல்லால் உடைத்து, வாயெல்லாம் கரி. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யச் சொல்லாதீர்கள். முகத்தில் தெறித்தால் புண்ணாகும், எங்கள் கூட்டத்தில் ஒருத்திக்குத் தழும்பே இருக்கிறது.

சட்டம் எழுதும்போது சண்டை வந்த இடத்தைக் கட்டாயம் எழுதுங்கள். அங்கேதான் உங்கள் தெரு இருக்கிறது. அந்தச் சட்டம் அடுத்த தெருவில் வேறு மாதிரி இருக்கும்.

இப்போது கனவுப் பயணம். இதில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: படத்தில் பார்த்த ஊர் வேண்டாம், அந்த ஊரிலிருந்து ஏதாவது ஒன்று ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு சாமான், ஒரு ஆள், ஒரு கடிதம், எதுவானாலும் சரி. எங்கள் கோடவுனில் வந்து இறங்கும் சாக்குகளில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவிலிருந்து வருபவை. நம் ஊர்க் கொல்லாமரத்துக் காயை நம்பினால் ஆபீஸ் வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். மரமே பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது, ஆகவே நம் ஊர்க் காய் என்று மார்தட்டவும் முடியாது. சாக்கில் மை அச்சில் நாட்டின் பேர் இருக்கும். எண்பது கிலோ சாக்கு, டான்சானியா. நான் அதை வரவுப் பதிவேட்டில் ஆயிரம் தடவை எழுதியிருப்பேன், ஒரு நாளாவது வரைபடத்தில் பார்த்தது கிடையாது.

பார்த்தேன். தெற்குக் கோடியில் ம்டுவாரா என்று ஒரு துறைமுக ஊர், அண்டிக்குப் பேர்போன பக்கம். அதன் கரையில் அடிப்பது இந்தியப் பெருங்கடல், குமரி முனையில் தெற்கே பார்த்து நின்றால் தெரிகிற அதே கடல். அங்கே அண்டிக்குக் கொரோஷோ என்று பேர். இன்னொன்று, சுவாஹிலிக்காரர்கள் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள், நமக்குக் காலை ஏழு என்றால் அவர்கள் கணக்கில் மணி ஒன்று. நம் பாட்டிமார் நாழிகை எண்ணியது போலத்தான். சுவிட்சர்லாந்தைப் பற்றி எனக்கு இதில் கால்வாசி கூடத் தெரியாது.

ஊர் கிடைத்ததும் வழியை வீட்டு நடையிலிருந்து எழுதுங்கள், விமானத்திலிருந்து வேண்டாம். காலை எத்தனை மணிக்கு எந்த பஸ், சில்லறை இருக்கிறதா, வீட்டுச் சாவி யாரிடம். என்னுடையது இப்படிப் போகிறது: மார்த்தாண்டத்தில் பஸ் ஏறித் திருவனந்தபுரம், அங்கிருந்து வளைகுடா வழியாக தார்-எஸ்-ஸலாம், அப்புறம் தெற்கே 500 கிலோமீட்டருக்கு மேல் பஸ். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். பையில் ஏத்தங்காய் சிப்ஸ். மட்டிப்பழம் கொண்டுபோக ஆசைதான், திருவனந்தபுரம் தாண்டுவதற்குள் கறுத்துவிடும். போய் இறங்கிய முதல் மணி நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும், முழுச் சுற்றுலாவையும் எழுதாதீர்கள், டிராவல்ஸ் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். நான் எழுதியது, அங்கே தல்லுகிற கொட்டகை ஏதாவது இருந்தால் வாசலில் ஐந்து நிமிஷம் நின்று, 'டக்' நம் ஊர் மாதிரிதானா என்று கேட்க வேண்டும். சத்தத்தை முதலில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

தூரம் போனால்தான் கனவு என்றில்லை. எங்கள் பேக்கிங்கில் ஒரு அண்ணன், அவருக்குக் கனவு விவேக் எக்ஸ்பிரஸ். கன்னியாகுமரியில் ஏறி அசாமில் திப்ருகர் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல், ஒரே ரயிலில், இறங்காமல். வாசலில் லோடு இறக்கும் பையன்களில் இரண்டு பேர் அந்த ரயிலில்தான் வந்தார்கள். "அவனுவ வந்த வழியில திரும்பிப் போய்ப் பாக்கணும், எந்த ஸ்டேஷன்ல சோறு மாறுதுன்னு பாக்கணும்" என்கிறார். கேட்டதும் எனக்குப் பொறாமையாகிவிட்டது. சோறு எங்கே ரொட்டியாகிறது என்று பார்க்க ஒருத்தர் மூன்று ராத்திரி ரயிலில் உட்காரத் தயார் என்றால் அது உண்மையான பதில், அதற்கு மேல் அலங்காரம் ஒன்றும் வேண்டாம்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்லாம் புக்கில் ஒரு கேள்விக்கு இரண்டு வரிதான் இடம். பெரிதாக எழுதிவிட்டுக் குறையுங்கள். நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினேன், ஆறு பக்கம் வந்தது, அதிலிருந்து ஆறு வரி எடுத்தேன். மிச்சத்தைக் கிழிக்காதீர்கள். ஆடிட்டர் வரும் முன் மட்டும் கிழித்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த மறுநாளே அக்கா மகள் போன் பண்ணினாள். "சித்தி, அடிபட்ட அண்டி வெளிய தெறிச்சி, சுவர்ல பட்டு உருண்டு மறுபடி கோட்டுக்கே வந்து நின்னா யாருக்கு?" வந்து நின்றால் கோட்டுக்குத்தான் என்று நான் சொன்னேன். பக்கத்திலிருந்து தம்பி, "வெளிய போனா போனதுதான், அவளுக்கு என்ன தெரியும், எங்கிட்ட கேளு" என்று கத்துகிறான். முப்பது வருஷத்துக்கு முன் அந்த ஒரு அண்டிக்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.