முதலில் கணவரின் பரிசோதனை: குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் போதும், கொழும்பில் வெள்ளவத்தை என்றாலும் கொட்டாஞ்சேனை என்றாலும் "ஏதும் விசேஷமோ?" என்று சொந்தக்காரர் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்பது பெண்ணிடம்தான். அவள்தான் டொக்டரை சனல் பண்ணுகிறாள், ஸ்கான் எடுக்கிறாள், மாதக்கணக்கில் குளிசை போடுகிறாள். கணவரின் விந்துப் பரிசோதனை கடைசியில்தான் வருகிறது. சில வீடுகளில் வருவதே இல்லை. இதைவிடப் பெரிய தவறு வேறில்லை என்பேன். பிள்ளை தங்கத் தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. வலியில்லாத, செலவு குறைந்த இந்தப் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள்.

அதற்கும் ஒரு முறை இருக்கிறது. 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்துவிட்டுத்தான் மாதிரி கொடுக்க வேண்டும். லாபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டிலிருந்து கொண்டுபோவதானால், அவர்கள் தந்த போத்தலில் எடுத்து, சேர்ட்டுக்குள் உடம்புச் சூட்டில் வைத்து, 1 மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும். காலி வீதியின் காலை நெரிசலையும் கணக்கில் எடுங்கள். சாதாரண ஆணுறை, எண்ணெய், சோப் எதுவும் கூடாது. கொஞ்சம் சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது தவறினால் எண்ணிக்கை குறைத்துக் காட்டும். ஒரு ரிப்போர்ட் சரியில்லை என்பதற்காக மனம் உடைய வேண்டாம். கடும் காய்ச்சல் வந்துபோனால்கூட எண்ணிக்கை இறங்கும். விந்தணு உருவாகி வெளிவரக் கிட்டத்தட்ட 3 மாதம் ஆவதால், இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பார்கள். அப்புறம், ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் டெஸ்டோஸ்டெரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். டொக்டர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, காலத்தைக் கடத்துவது. மனைவிக்கு 35 வயதுக்குக் குறைவென்றால் ஒரு வருஷம் முயன்று பார்க்கலாம். 35 தாண்டினால் 6 மாதம் போதும். மாதவிடாய் ஒழுங்கில்லை, முன்பு அடிவயிற்றில் ஒப்பரேஷன் நடந்தது என்றால் அந்த 6 மாதமும் காத்திருக்கத் தேவையில்லை. நேர்த்தி வையுங்கள், விரதம் இருங்கள், மனதுக்குத் தெம்பு வேண்டும்தானே. ஆனால் கிளினிக்குக்குப் போவதை அடுத்த தைக்கென்று தள்ளிப் போடாதீர்கள்.

முட்டை வெளிவந்ததா என்று பார்க்க, மாதவிடாய் தொடங்கியதிலிருந்து எண்ணி 21ஆம் நாள் எடுக்கும் புரோஜெஸ்டெரோன் இரத்தப் பரிசோதனை 28 நாள் சுற்று உள்ளவர்களுக்குப் பொருந்தும். 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்கு அது 28ஆம் நாளளவில் எடுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் முட்டை வந்தும் வரவில்லை என்றே ரிப்போர்ட் சொல்லும். ஏஎம்எச் (இரத்தத்தில் பார்க்கும் ஒரு ஹோமோன்) குறைவு என்றதும் அழுபவர்களும் உண்டு. அது மீதமுள்ள முட்டைகளின் அளவைத்தான் காட்டுகிறது. இயற்கையாகப் பிள்ளை தங்காது என்று அதற்கு அர்த்தமில்லை.

காரணம் தெரியாமல் ஐவிஎஃப் (லாபில் கருவை உருவாக்கிக் கருப்பையில் வைப்பது) என்று ஓடுவதும் தவறு, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஐயூஐ (விந்தணுவை நேரே கருப்பைக்குள் செலுத்துவது) செய்வதும் தவறு. இரண்டு குழாயும் அடைத்திருந்தால் ஐயூஐ பலன் தராது. பிசிஓஎஸ் (ஹோமோன் குழப்பத்தோடு வரும் சூலகப் பிரச்சினை) காரணமாக முட்டை வெளிவராத பலருக்கு லெட்ரோசோல் குளிசையே முதல் சிகிச்சை. விந்தணு மிகக் குறைவென்றால் ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை தேவைப்படலாம்.

ஃபோலிக் அசிட் என்ற விட்டமின் 400 மைக்ரோகிராம் தினமும் போடுவதையும், தலசீமியா (பரம்பரை இரத்த நோய்), ருபெல்லா (ஜேர்மன் சின்னமுத்து) பற்றிக் கேட்பதையும் கர்ப்பமான பிறகு என்று விடாதீர்கள். உங்கள் பகுதி எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஐவிஎஃப் வரை வந்துவிட்டால், "இரட்டையாக வந்தால் ஒரே செலவு" என்று இரண்டு கருவை வைக்கச் சொல்லாதீர்கள். இரட்டையர் குறைமாதத்தில் பிறப்பதும், தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறுவதும் அதிகம். எந்த நிலையமும் வெற்றி வீதம் சொன்னால், அது கர்ப்பப் பரிசோதனை பொசிட்டிவ் ஆனவர்களின் கணக்கா, குழந்தையோடு வீடு போனவர்களின் கணக்கா என்று கேளுங்கள். உங்கள் வயதுக்காரருக்கு எவ்வளவு என்றும் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.