இரண்டு வயது தாண்டியும் வீணீர் வடிகிறதா? நாம் செய்யும் தவறுகள்

என் இளைய மகனுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுச் சட்டை மாற்றிய காலம் உண்டு. மட்டக்களப்பில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொடியில் போட்ட துணி சொல்லி முடிப்பதற்குள் காய்ந்துவிடும், அதனால் சமாளித்தோம். மாரி தொடங்கியதும் முடியவில்லை. வீட்டுக்குள் கயிறு கட்டி, ஃபேனுக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சட்டைகள். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதும் நாலு மாதமும். நாடியும் கழுத்தும் சிவந்து தோல் உரிந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரு காரணமும் ஒரு கைவைத்தியமும் சொன்னார்கள். அதில் பாதியை நானும் செய்தேன். எவை பிழை என்று பிறகுதான் தெரிந்தது. இன்று அதே நிலையில் இருக்கும் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன்.

எச்சில் எல்லோருக்கும் ஊறுகிறது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை ஊறும். நினைக்காமலே விழுங்கிக்கொண்டிருப்பதால் நமக்கு வடிவதில்லை. குழந்தைக்கு மூன்று மாதமளவில் எச்சில் நன்றாக ஊறத் தொடங்கிவிடும். ஆனால் உதட்டை மூடி, நாக்கால் பின்னுக்குத் தள்ளி, அடிக்கடி விழுங்கும் பழக்கம் வர நாளெடுக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் வீணீர் நின்றுவிடும். சிலருக்கு விளையாட்டில் மூழ்கியிருக்கும்போதும் பல் வரும்போதும் இன்னும் கொஞ்சக் காலம் வடியும். நாலு வயதுக்குப் பிறகும் விழித்திருக்கும் நேரத்தில் வடிந்தால் அது சாதாரணமில்லை, காட்டத்தான் வேண்டும்.

ஆக, வீணீர் வடியும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு எச்சில் அதிகமாக ஊறுவதில்லை, ஊறியது விழுங்கப்படாமல் நிற்கிறது. இது தெரியாததால் வற்ற வைக்கும் வழியைத் தேடி அலைகிறோம். கீழே சொல்லும் தவறுகளில் அநேகமானவை அங்கிருந்துதான் வந்தவை.

“பல்லு முளைக்குது மனே, வேறொண்டுமில்ல”

அம்மம்மா இப்படிச் சொன்னபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பாற்பல் ஆறு மாதமளவில் தொடங்கி, இருபதும் வந்து முடிய இரண்டரை, மூன்று வயதாகும். அதனால் அந்தக் காலம் முழுவதும் எதற்கும் பல்லைச் சொல்லிவிடலாம். பல் வரும்போது வீணீர் கூடுவது உண்மை. முரசு தடித்து, பிள்ளை கடித்துக்கொண்டும் சிணுங்கிக்கொண்டும் இருப்பதும் உண்மை. ஆனால் கடும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் பல்லால் வருவதில்லை. 38 பாகை செல்சியசைத் தாண்டிய காய்ச்சலைப் பல்லில் போட்டுவிட்டு இருப்பது, டெங்கு வந்துபோகும் நம் ஊர்களில் பெரிய ஆபத்து.

எங்கள் வீட்டில் காரணம் மூக்கில் இருந்தது. மகன் வாயைத் திறந்தபடி, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, குறட்டை விட்டுத் தூங்குவான். ஓடி விளையாடிய களைப்பு என்று நினைத்தோம். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினொயிட் என்ற சதை வீங்கியிருந்தது, ஒவ்வாமைச் சளியும் இருந்தது. மூக்கு அடைத்தால் பிள்ளை வாயால் மூச்சு விடும், அப்போது உதடு மூடாது. நீங்களே ஒருமுறை உதட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நுளம்புத்திரி, சாம்பிராணி, விறகடுப்புப் புகை, வீட்டுக்குள் புகைக்கும் சிகரெட் எல்லாம் அந்த மூக்கை இன்னும் அடைக்கும். ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாற்றமுள்ள சளி வந்தால், பிள்ளை நெல்மணியையோ பாசிமணியையோ உள்ளே போட்டிருக்கலாம். அதை வீட்டில் கிண்டி எடுக்கப் போகாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

சூத்தைப் பல்லும் வாய்ப்புண்ணும் இருந்தாலும் விழுங்க நோகும், வடியும். அதனால் வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்துவிடுவது நல்லது.

ஆசை, நாவூறு, நூல்

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் ஆசைப்பட்டதைத் தின்னாவிட்டால் பிள்ளைக்கு வீணீர் வடியும் என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். அந்த இரவு நான் அழுதேன், அவர் எனக்கு அதை வாங்கித் தரவில்லையே என்று கணவரோடு சண்டையும் பிடித்தேன். இதில் ஒரு துளி உண்மையும் இல்லை. பிள்ளையைப் பெற்று, நித்திரையில்லாமல் களைத்துப்போயிருக்கும் ஒருத்தியின் தலையில் ஏற்றுகிற பாரம் இது. யாரும் உங்களிடம் சொன்னால் தயவுசெய்து மனதில் எடுக்காதீர்கள். யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

நாவூறு கழிப்பதிலும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதிலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவரவர் நம்பிக்கை அது. ஆனால் கழுத்தில் நூலைக் கட்டாதீர்கள். வீணீரில் நனைந்த நூல் நாள் முழுவதும் ஈரமாகவே கிடந்து மடிப்புத் தோலை உரசிப் புண்ணாக்கும். எங்காவது கொழுவிப்பட்டால் கழுத்தை இறுக்கும். மணி கோர்த்திருந்தால் அறுந்து வாய்க்குள் போகும்.

முரசில் தடவுவது

பாமசியில் கேட்டதும் எடுத்துத் தரும் மரக்கப்பண்ணும் ஜெல்லை நானும் தடவினேன். பென்சோகெயின் கலந்தவை இரத்தத்தில் ஒட்சிசன் போவதைத் தடுக்கக்கூடும், லிடோகெயின் கூடிப்போனால் வலிப்பே வரலாம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பென்சோகெயின் தடவ வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011 ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. லிடோகெயினுக்கும் 2014 இல் எச்சரிக்கை வந்தது. போதாக்குறைக்கு வாய் மரத்துப்போனால் பிள்ளை இன்னும் குறைவாகத்தான் விழுங்கும். ஒரு வயதுக்கு முன் தேன் தடவவே கூடாது, பொட்டுலிசம் என்ற நஞ்சாகும் நோய் வரலாம். சுத்தமான துணியை நனைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் (உறையும் தட்டில் அல்ல) வைத்துக் கடிக்கக் கொடுங்கள். கழுவிய விரலால் முரசை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். அது போதும்.

சூப்பியும் குழைத்த சோறும்

நான் செய்ததில் மிகப் பெரிய பிழை இது, எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மகனுக்கு இரண்டு வயதிலும் சூப்பிப் போத்தலில்தான் பால். அழுதால் வெறும் சூப்பி. தூங்கும்போதும் அது வாயில் இருக்கும். போத்தலில் குடிக்கும் பிள்ளை நாக்கை முன்னும் பின்னும் தள்ளிச் சப்புகிறது. எச்சிலை விழுங்க வேண்டிய விதம் வேறு. உதடு மூட வேண்டும், நாக்கின் நுனி மேலண்ணத்தில் படிய வேண்டும். வாயில் எந்த நேரமும் ஒரு றப்பர் இருந்தால் அந்தப் பழக்கம் எப்படி வரும்? விரல் சூப்புவதும் இப்படித்தான். ஒரு வயதிலிருந்தே கோப்பைக்கு மாற்றத் தொடங்கி, ஒன்றரை வயதுக்குள் போத்தலை நிறுத்துவது நல்லது. நான் தாமதித்ததால் ஒரு கிழமை அழுகை கேட்க வேண்டியிருந்தது. பகல் போத்தலை முதலில் நிறுத்தி, இரவுப் போத்தலைக் கடைசியாக நிறுத்தினேன். மூடியில்லாத சின்னக் கோப்பையில் முதல் நாட்களில் பாதிப் பால் நெஞ்சில்தான் கொட்டியது. பிறகு பழகிவிட்டான். ஸ்ட்ரோவால் உறிஞ்சுவதும் உதட்டுக்கு நல்ல வேலை.

சாப்பாடும் அப்படியே. முள் குத்தும், தொண்டையில் சிக்கும் என்ற பயத்தில் சோற்றையும் பருப்பையும் கூழாக மசித்து ஊட்டிக்கொண்டே இருந்தேன். தொலைபேசியைக் காட்டினால் கோப்பை காலியாகும், எனக்கும் நிம்மதி. ஆனால் மெல்லாத வாய்க்குப் பலம் வராது. ஆறு மாதத்தில் மசித்த உணவு, எட்டு மாதமளவில் கையால் எடுத்துத் தின்னும் துண்டுகள், ஒரு வயதில் வீட்டில் எல்லோரும் தின்னும் சாப்பாடு என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரிசை. அவித்த வத்தாளங்கிழங்கு, கரட், பப்பாசி, முள் பார்த்து எடுத்த மீன், பிட்டு, மென்மையான ரொட்டித் துண்டு என்று நம் குசினியிலேயே எல்லாம் இருக்கிறது. வறுத்த கச்சான் கொட்டையை மட்டும் ஐந்து வயது வரை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கு ஆபத்து. இருத்தி வைத்துக் கொடுங்கள். ஏணையில் படுக்க வைத்தோ ஓட ஓடத் துரத்தியோ ஊட்ட வேண்டாம்.

தோலைத் தேய்ப்பது

வீணீர் வடிந்தால் துடைக்கத் தோன்றும். அழுத்தித் துடைத்துத் துடைத்துத்தான் என் பிள்ளையின் நாடியைப் புண்ணாக்கினேன். பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வடியும் ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் தோலின் எண்ணெய்ப் பிடிப்பு போய்விடும், வெறும் தண்ணீர் போதும். காய்ந்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னும் தூங்கப் போகும் முன்னும், வாஸ்லினை மெல்லியதாகப் பூசினால் வீணீர் தோலில் படாமல் அது தடுக்கும்.

பவுடர் போடுவது நம் ஊரில் ஒரு வழக்கம். ஈரமான கழுத்து மடிப்பில் அது கட்டிபட்டு உரசும், தூள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்கும் கெடுதல். கழுத்தில் கட்டும் பிளாஸ்டிக் துண்டு (பிப்) சட்டையைக் காக்கும், ஆனால் இந்த வெக்கையில் அதன் உள்ளே வியர்வையும் வீணீரும் சேர்ந்து அவியும். பழைய பருத்திச் சேலையை மடித்துத் தைத்த கழுத்துத் துண்டு பத்து வைத்திருங்கள், நனைந்ததும் மாற்றுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். மடிப்பு செக்கச் சிவந்து, சுற்றிச் சின்னப் பருக்கள் வந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த கிறீமை வாங்கிப் பூசாதீர்கள், அநேகமாக அதில் ஸ்டெரொய்ட் இருக்கும்.

தண்ணீரைக் குறைத்தால் வீணீர் குறையும் என்று சொல்பவர்களும் உண்டு. வடிந்து வெளியே போவதும் உடம்பின் தண்ணீர்தான். நம் வெயிலில் அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். “வாயை மூடு” என்று அதட்டுவதும் உதவாது. பெரியவர்கள் முகம் சுளிப்பது மட்டும்தான் அந்தப் பிள்ளைக்கு விளங்கும். “தம்பி, விழுங்குங்கோ” என்று இடைக்கிடை மெதுவாக நினைவூட்டி, நாமும் விழுங்கிக் காட்டினால் பழகும்.

எச்சிலை வற்ற வைக்கும் மருந்துகள் இருக்கின்றன. மூளைவாதம் போன்ற நிலையுள்ள பிள்ளைகளுக்கு விசேட வைத்தியர் பார்த்துக் கொடுப்பவை அவை. மலச்சிக்கல் தரும், சிறுநீரை நிறுத்தும், வியர்வையைக் குறைக்கும். வியர்க்காத பிள்ளை நம் சித்திரை வெயிலில் என்ன ஆகும்? சாதாரணமாக வளரும் பிள்ளைக்கு அதைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். வேறு நோய்க்கு ஏற்கெனவே மருந்து குடிக்கும் பிள்ளை என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். குளோனசிபாம் போன்ற சில வலிப்பு மருந்துகள் வீணீரைக் கூட்டும். சொல்லத்தான் வேண்டும், நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

திடீரென்று வடிந்தால் காத்திருக்காதீர்கள்

இதுவரை சொன்னது மாதக்கணக்காக வடியும் வீணீரைப் பற்றி. காலையில் நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று வடியத் தொடங்கி, விழுங்க மாட்டாமல் இருந்தால் அது வேறு விஷயம். நாணயமோ பொத்தான் பற்றரியோ தொண்டையில் சிக்கியிருக்கலாம். பற்றரி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துவிடும். காய்ச்சலோடு முன்னால் குனிந்து, வாயைத் திறந்து, இரைச்சலாக மூச்சு விட்டால் கரண்டியால் தொண்டையை அமுக்கிப் பார்க்காதீர்கள். பிள்ளையை இருத்தியபடியே கொண்டு போங்கள்.

வயல் செய்கிற வீடுகளுக்கு இன்னொன்று. பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது வயிற்றிலோ தோலிலோ பட்டால் வீணீரும் கண்ணீரும் வியர்வையும் ஒன்றாகக் கொட்டும், கண்மணி ஊசிமுனையளவு சிறுக்கும், வாந்தி, வயிற்றோட்டம், மூச்சுத்திணறல் வரும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நனைந்த உடுப்பைக் கழற்றித் தோலைக் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். சுவசெரிய அம்பியூலன்சுக்கு 1990, காசு இல்லை.

யாரிடம் காட்டுவது

பதினெட்டாம் மாத ஊசிக்குக் கிளினிக் போகும்போதே சொல்லிவிடுங்கள். மூன்று வயது ஊசி வரைக்கும் வைத்திருக்க வேண்டாம். உங்கள் குடும்ப சுகாதார மாதுவிடம் சொன்னாலே போதும், அங்கிருந்து வழி காட்டுவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற அரச இடங்களில் பிள்ளை வைத்தியரைப் பார்க்கப் பணம் தேவையில்லை. பேச்சுப் பயிற்சிக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். மெல்லவும் விழுங்கவும் பழக்குவதும் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களுடைய வேலைதான். பேச்சும் பிந்தி, நடையும் பிந்தி, உடம்பு தொய்வாக இருந்தால், அல்லது சாப்பிடும்போது அடிக்கடி புரைக்கேறினால், வயதைப் பார்க்காமல் உடனே போங்கள்.

போகும்போது கிளினிக் புத்தகத்தோடு, ஒரு நாளைக்கு எத்தனை துண்டு நனைகிறது, எந்த நேரத்தில் கூட வடிகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளை தூங்கும்போது இரண்டு நிமிடம் தொலைபேசியில் வீடியோ எடுங்கள், மூச்சுச் சத்தம் கேட்கட்டும். கிளினிக்கில் என் மகன் ஒரு பொட்டும் வடியாமல் வாயை மூடிக்கொண்டு சமத்தாக இருந்தான். அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் டொக்டர் அவனுடைய மூக்கைப் பார்க்கக் குனிந்தார்.